தன் குறட்டைத் தானடிக்கும் கொல்லன்

(திங்கட்கூட்டம் ஒன்றில் கணினித் தொழில் பயில்வோர்க்கும் தமிழன்பர்க்கும் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)

  

தச்சனுக்கு உளி வேண்டும், வாய்ச்சி வேண்டும், இழைப்புளி வேண்டும். அவற்றைத் தச்சன் தானே ஆக்கிக்கொள்வதில்லை. கொல்லனின் உலைக்களத்துக்குச் சென்று, இன்ன அளவு, இன்ன வளைவு என்று சொல்லி, அடித்துத் தரப்பெற்றுக் கொண்டுவருகிறான். உழவனின் கொழுவும் அரிவாளும் மண்வெட்டியும் அவ்வுலையிலிருந்தே வருகின்றன. ஆனால் கொல்லனுக்குக் குறடும் சம்மட்டியும் யாவர் தருவர்? அவனுக்கு அவனே தந்துகொள்ள வேண்டும். எந்த இரும்பால் ஊரார்க்குக் கருவி ஆக்குகின்றானோ, அதே இரும்பை அதே உலையிற் காய்ச்சித் தன் கைப்பிடிக்கும் தன் தோள்வலிக்கும் ஏற்றவாறு குறடு அடித்துக்கொள்பவன் அவன். தொழிலாளர் அனைவருள்ளும் அவனுக்கென்று ஒரு தனி நிலை அதனால் வாய்த்தது.

இக்காலத்தில் அந்நிலை வாய்த்த மற்றொருவர் நிரலர். கணினிக்கு ஏவல் எழுதும் தொழிலினர். அவர் எழுதுவது நிரல். அந் நிரலை எழுதுதற்கும், திருத்துதற்கும், பிழை தேடுதற்கும், பழைய வடிவங்களைப் பேணுதற்கும் அவர் கையாளும் கருவிகளும் நிரல்களே. ஆகவே தம் கருவி தம் கைக்கு ஒவ்வாதிருப்பின் அதனை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் அவர் தொழிலிலேயே அடங்கியுள்ளது. அவ்வாற்றல் உடையராய் இருந்தும், யாரோ எங்கோ அளவெடுத்து ஆக்கிய கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வாழ்நாளெல்லாம் பிடித்துழல்வாராயின், அவரைக் குறடு கடன் வாங்கும் கொல்லர் என்றே கூறல் வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை அமைச்சுக்குரியவற்றை எண்ணத் தொடங்கும்போது காலத்துக்கும் செய்கைக்கும் முன்னதாகக் கருவியை வைத்தார். அரசு நடத்துவார்க்கே அஃது அவ்வளவு இன்றியமையாததாயின், விரலாலும் விசையாலும் நாள்தோறும் தொழில் நடத்துவார்க்கு எவ்வளவினதாகும்!

நிரலரின் கருவிகளுள் அவர் கையோடு கையாய் இருப்பது உரைதிருத்தி. நிரல்வரிகளை அடிக்கவும், வெட்டவும், ஒட்டவும், தேடவும் பயன்படுவது அதுவே. இதில் என்ன பெரிய பயிற்சி வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பார் உளர். ஒரு கோப்பில் முந்நூறிடங்களில் நாள், திங்கள், ஆண்டு என்னும் வரிசையில் எழுதப்பட்டிருப்பதை ஆண்டு, திங்கள், நாள் என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியறியாதவர் முந்நூறு முறை குறியை நகர்த்தி, முந்நூறு முறை வெட்டி, முந்நூறு முறை ஒட்டுவார். அரைநாள் கழியும். நூற்றெழுபதாவது இடத்தில் கண் அயர்ந்து ஒன்றைத் தவறவிடுவார். அத்தவறு ஆறு திங்கள் கழித்து யாருடைய கணக்கிலோ போய்ப் பிழையாக முளைக்கும். கருவியறிந்தவர் அவ்வடிவத்தை ஒரே தேடற்கோவையில் எழுதிக்காட்டி, மாற்றுவரிசையையும் சொல்லி, ஏவிவிட்டு, வந்த விளைவை ஒருமுறை மேற்பார்வையிடுவார். இருவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு நேரம் மட்டுமன்று. முன்னவர் அந்த அரைநாளும் பொறிக்குரிய வேலையைத் தாம் செய்தார். பின்னவர் மாந்தர்க்குரிய வேலையைச் செய்தார். எண்ணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இழை அறாமல் இருப்பதே நிரலர்க்குப் பெருஞ்செல்வம். கை கருவியோடு மல்லாடும் பொழுதெல்லாம் அவ்விழை அறுகிறது.

இவ்வுண்மையை உலகுக்குக் காட்டிய வரலாறு ஒன்றை விரித்துச் சொல்லுதல் தகும். அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் செயற்கை அறிவாய்வுக்கூடம் ஒன்று இருந்தது. 1970-களில் அங்கிருந்த நிரலர்கள் தெக்கோ என்னும் உரைதிருத்தியைக் கையாண்டனர். துளையிட்ட தாள்நாடாவைத் திருத்துதற்காக 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட கருவி அது. திருத்தப்படும் உரை கண்முன் தோன்றாது. ஏவலைக் குறியெழுத்துகளால் அடித்து முடித்தபின், காட்டு என்று கேட்டால்தான் காட்டும். அவ்வேவல்கள் எத்துணைச் சிக்கலானவை என்றால், தம் பெயரையே ஏவலாக அடித்துவிட்டு என்ன நேர்கிறது என்று முன்கூட்டி ஊகிப்பது அக்கால நிரலர்க்கு ஒரு விளையாட்டு!

ஆனால் அக்கருவியில் ஓர் அரிய பண்பு இருந்தது. ஏவல்களைக் கோவையாக்கிப் பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் திரையில் உரையை உடனுக்குடன் காட்டும் முறையை அதனுட் சேர்த்தார். பின்னர் இரிச்சர்டு இசுட்டால்மன் என்னும் இளைஞர், எந்த விசையை அழுத்தினால் எந்த ஏவற்கோவை நடக்க வேண்டும் என்பதை அவரவரே வகுத்துக்கொள்ள வழிசெய்தார். மடை திறந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி கோவைகளை எழுதிக்கொண்டனர். சில காலத்தில் ஒருவர் இருக்கையில் மற்றவர் அமர்ந்தால் ஒன்றும் விளங்காத நிலை வந்தது. கருவி ஒன்று, வழக்குகளோ பல. கய் இசுட்டீல் என்பவர் அவற்றையெல்லாம் தொகுத்து ஒழுங்குபடுத்தும் பணியைத் தொடங்க, இசுட்டால்மன் அதனை 1976-இல் முடித்து ஈமாக்சு என்று பெயரிட்டார். திருத்துதற்குரிய ஏவற்கோவைகள் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அப்பெயர். அதனைப் பெறுவார்க்கு அவர் விதித்த நெறி ஒன்றே: நீங்கள் செய்யும் மேம்பாட்டைத் திருப்பித் தாருங்கள்; பிறரும் பெறட்டும். வட்டார வழக்குகள் பல்கிக் கிடந்த நிலையில் அவற்றின் வளத்தை அழிக்காமல் பொதுமொழி ஒன்றை அமைத்த செயல் இது என்று தமிழர் எளிதில் உணர்ந்துகொள்ளலாம்.

இவ்வரலாற்றில் இன்னும் சுவையான ஒரு பகுதி உண்டு. 1978-இல் பெர்னார்டு கிரீன்பெர்க்கு என்பவர் மல்டிக்சு என்னும் பெருங்கணினி அமைப்புக்கென ஈமாக்சைப் புதிதாக எழுதினார். இலிசுப்பு என்னும் நிரன்மொழியில் எழுதினார். அவர் பணிமனையில் மடல் அடிக்கும் செயலகப் பெண்டிரும் அக்கருவியைக் கையாண்டனர். கருவியை விரித்துக்கொள்வது எப்படி என்று விளக்கும் கையேடு ஒன்று அவர்கள் கைக்குக் கிடைத்தது. அக்கையேட்டில் 'நிரலெழுதுதல்' என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. எனவே அவர்கள் அஞ்சவில்லை. தம் அலுவலுக்கு வேண்டியபடி புதுப்புது ஏவல்களைத் தாமே எழுதிக்கொண்டனர். இசுட்டால்மன் பிற்காலத்தில் தம் உரையொன்றில் இச்செய்தியை எடுத்துக்கூறியுள்ளார். 'உன்னால் ஆகாது' என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் பெயரொன்று இல்லாமற் போனதும், ஆகாதது ஆயிற்று! துறைச்சொற்களை அயன்மொழியில் வைத்து அச்சமூட்டும் வழக்கத்தைத் தனித்தமிழ் இயக்கத்தார் நெடுங்காலமாக எதிர்த்து வந்தமைக்கு இதனினும் நல்ல சான்று கடல்கடந்து கிடைக்குமா என்பது ஐயமே.

அதே 1976-இல் பெர்க்கிலியில் பில் சாய் என்னும் மாணவர் வேறொரு வழியில் வீ என்னும் திருத்தியை அமைத்தார். அதன் திறம் அதன் இலக்கணத்தில் உள்ளது. நீக்கு என்பதற்கு ஓரெழுத்து. சொல் என்பதற்கு ஓரெழுத்து. இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால் ஒரு சொல் நீங்கும். மாற்று என்பதற்குரிய எழுத்தை முன்னே வைத்தால் அச்சொல் மாற்றத்துக்கு ஆயத்தமாகும். சில வினைகளையும் சில பெயர்களையும் கற்றவர் பலநூறு ஏவல்களைப் புணர்த்துக்கொள்கிறார். ஆங்கிலத்தைப் போல வினை முன்னும் பெயர் பின்னுமாக அமைந்தது வீ. பிற்காலத்தில் பிரெஞ்சு நிரலர் ஒருவர் ஆக்கிய காக்கூன் என்னும் திருத்தி இவ்வரிசையை மாற்றி, எதனை என்பதை முன்னும் என்செய்வது என்பதைப் பின்னும் வைத்தது. அவர் தமிழ் கற்றவர் அல்லர். எனினும் அவ்வரிசை தமிழ்த்தொடரின் வரிசையே. 1991-இல் பிராம் மோலெனார் என்னும் தச்சு நாட்டவர் வீயை விரித்து விம் என வெளியிட்டு, 2023-இல் தாம் மறையும்வரை பேணி வந்தார். அதற்கு விலை வாங்கவில்லை. விரும்புவோர் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுக என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கருவியைத் திருத்திக்கொள்வது ஒரு படி; கருவியே இல்லாதபோது ஆக்கிக்கொள்வது மறுபடி. தொனால்டு கனூத்து என்னும் பேராசிரியர் நிரற்கலை பற்றிய பெருநூலின் முதல் மடலத்தை 1968-இல் வெளியிட்டார். பழைய ஈய அச்சில் அந்நூல் அழகுற அமைந்தது. 1977-இல் இரண்டாம் மடலத்தின் மறுபதிப்புக்குரிய மெய்ப்புத்தாள்கள் அவரிடம் வந்தன. அச்சுத்தொழில் ஒளியச்சுக்கு மாறியிருந்தது. கணக்கியற் குறிகளும் எழுத்துகளும் அவர் உள்ளத்துக்கு ஒவ்வாத வடிவில் இருந்தன. வேறெவராயினும் பதிப்பகத்துக்குச் சினமடல் எழுதி அமைந்திருப்பர். அவரோ, அச்சுக்கோப்பு என்பது எழுத்துகளைப் புள்ளிகளாக இன்னின்ன இடத்தில் வைப்பதே. புள்ளிகளை வைப்பது கணினியின் வேலை. கணினியை ஏவுவது தம் வேலை என்று எண்ணினார்! ஓராண்டுக்குள் முடித்துவிடலாம் என்று கருதித் தொடங்கினார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. அச்சுக்கோக்கும் நிரலொன்றும், எழுத்துருக்களை வரையும் நிரலொன்றும் பிறந்தன. முன்னதற்கு அவர் இட்ட பெயரின் கடைசி எழுத்து கிரேக்க எழுத்து. கலை, கைத்திறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முதற்பகுதி அது. ஆங்கில நெடுங்கணக்கில் அவ்வொலிக்கு எழுத்தில்லை. தமிழில் தெஃக் என்று ஆய்தமிட்டு ஏறத்தாழ எழுதிவிடலாம். இன்று உலகின் கணக்கியல், இயற்பியல் ஆய்வுரைகளிற் பெரும்பகுதி அந் நிரலாலேயே கோக்கப்படுகிறது. அதனை அவர் எவர்க்கும் விலையின்றி வழங்கினார்.

இதில் இழப்பும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. கருவிக்குச் சென்ற அப்பத்தாண்டு நூலுக்குரியதாக இருந்தது. நான்காம் மடலத்தின் முதற்பகுதி 2011-இல்தான் வெளிவந்தது. அடுத்த பகுதி 2022-இல். அரிவாள் தீட்டுவதே அறுவடை ஆகிவிடாது. திரையின் நிறத்தையும் எழுத்தின் வடிவையும் நாளொரு வண்ணமாய் மாற்றிக்கொண்டு, நிரல் ஒன்றும் எழுதாமலே பொழுது போக்கும் இளைஞர் உளர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் அது. கனூத்து ஆக்கியதற்கும் இவர் ஆக்குவதற்கும் வேறுபாடு காண்பது எளிது. அவர் கையில் முடிக்க வேண்டிய வேலையொன்று இருந்தது. அவ்வேலை தடைப்பட்ட இடத்தில் கருவி பிறந்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: அத்துணைப் பெரிய அச்சுப்பொறியாளர் தம் நூலின் வரைவை முதற்கண் தாளில் கரிக்கோலால்தான் எழுதுகிறார். தமக்கு எக்கருவி ஏற்றது என்பதை அறிந்திருப்பதும் கருவியறிவே.

இனி, திருத்தவே இயலாத கருவி கையில் வந்து சேர்ந்தால் என்னாகும் என்பதையும் காண்போர் காண்க. மேலே சொன்ன ஆய்வுக்கூடத்தில் பழைய அச்சுப்பொறி ஒன்று இருந்தது. தாள் சிக்கிக்கொண்டால், அச்சுக்குக் காத்திருப்போர் திரைகளில் உடனே செய்தி தோன்றுமாறு அதன் நிரலைத் தாமே மாற்றி வைத்திருந்தனர். பின்னர்ப் புதிய அச்சுப்பொறி ஒன்று பெருங்குழுமம் ஒன்றிலிருந்து நன்கொடையாக வந்தது; விரைவானது, அழகானது. ஆனால் மாந்தர் படிக்கத்தக்க நிரல்வரிகள் அதனுடன் வரவில்லை. தாள் சிக்கியது சிக்கியபடி கிடக்கும், எவர்க்கும் தெரியாது. வேறொரு பல்கலைக்கழகத்தில் அந் நிரல்வரிகளை வைத்திருந்தவரை இசுட்டால்மன் நேரிற் கண்டு கேட்டார். எவர்க்கும் தருவதில்லை என்று ஒப்பமிட்டுக் கொடுத்துள்ளதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். தாள் சிக்கும் சிறுசெய்தி; ஆனால் தன் வீட்டுக் கதவின் தாழைத் தானே திருத்தக்கூடாது என்று பிறன் சொல்வது சிறுசெய்தியன்று. 1983-இல் இசுட்டால்மன் விடுதலை மென்பொருள் முயற்சியை அறிவித்தார். 1985-இல் அதன் ஈமாக்சு, நிரல்வரிகள் அனைத்துடனும், எவரும் திருத்திக்கொள்ளும் உரிமையுடனும் வெளிவந்தது.

இருபதாண்டுகள் கழித்து இலினக்சுக்கும் அதே வகையான இடர் நேர்ந்தது. உலகெங்குமுள்ள நிரலர்கள் கூடி ஆக்கும் அதன் உள்ளகத்தில் யார் எதை எப்போது மாற்றினர் என்று பதிந்து வைக்க, 2002 முதல் பிட்கீப்பர் என்னும் கருவி கையாளப்பட்டது. அது தனியார் உடைமை. இலினக்சு நிரலர்க்கு விலையின்றி விடப்பட்டிருந்தது. 2005-இல் உடைமையாளர் அவ்வுரிமத்தைத் திரும்பப் பெற்றனர். ஆயிரக்கணக்கானோர் உழைப்பு பிறர் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் பலர்க்கு விளங்கிற்று. இலினசு தோர்வால்சு கலங்கவில்லை. ஏப்பிரல் 3-ஆம் நாள் தம் கருவியைத் தாமே எழுதத் தொடங்கினார். 7-ஆம் நாள் அக்கருவி தன் வரலாற்றைத் தானே பதிந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதுவே கிட். இன்று நிரலெழுதுவோருள் அதனைத் தொடாதவர் மிகச்சிலர். நான்கு நாளில் அவ்வாறு ஆக்க முடிந்தது விந்தையன்று. அதற்குமுன் பல்லாண்டாகக் கணினியின் கோப்பமைப்பு அவர் விரல்நுனியில் இருந்தது. உரைதிருத்தியிலும் அவர் அப்படியே: பழைய சிறிய திருத்தியொன்றின் நிரல்வரிகளை எடுத்துத் தமக்கேற்றவாறு திருத்திப் பல்லாண்டாக அதனையே பேணிக் கையாள்கிறார்.

இவையெல்லாம் பிறநாட்டார் செய்திகள். சென்னையிலும் கோவையிலும் கண்ணாடி மாளிகைகளில் இராப்பகலாய் நிரலெழுதும் தமிழிளைஞர்க்கும் இதே கேள்வி இன்று வாயிலில் வந்து நிற்கிறது. நிரல்வரிகளைத் தானே எழுதிக்காட்டும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றுட் பல திங்கட்கூலிக்கு விடப்படுபவை. பிறநாட்டுக் குழுமங்களின் பொறிகளில் இயங்குபவை. இன்று ஒருவகையாகவும் நாளை வேறுவகையாகவும் மாற்றப்படுபவை. கூலியை ஏற்றினால் ஏற்றியதுதான். அவற்றைத் தீண்டாதீர் என்று கூறுவது அறிவுடைமையாகாது. தன் கணினியிலேயே நிறுத்தி இயக்கத்தக்கவையும் அவ்வினத்தில் உள்ளன. அவற்றைத் தேடிக் கற்பவர் எத்தனை பேர்? கூலிக்கருவி இல்லாத நாளில் தம் கையால் ஒரு நிரலை எழுதி, பிழைகண்டு, திருத்தி முடிக்க மாட்டாதவர் நிரலர் அல்லர். கருவிக்குக் கைகட்டி நிற்கும் ஏவலர்.

தமிழ் எழுதுவதிலேயே இவ்வடிமைத்தனம் வெளிப்படுவதைக் காணுங்கள். தனித்தமிழ்ப் பற்றுடைய இளைஞர் பலரும் 'அம்மா' என்றெழுத ஆங்கில எழுத்துகள் நான்கை உள்ளத்தில் கூட்டித்தான் விரலை நகர்த்துகின்றனர். 1999-இல் தமிழ்நாட்டரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் வலக்கையிலும் வைக்கப்பட்டன. மிகுதியாக வரும் க, ப, ம, த ஆகியவை விரல்கள் இயல்பாக அமரும் நடுவரிசையில் உள்ளன. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதன்மேல் புள்ளி தானே அமரும். ங வந்து க வந்தாலும், ஞ வந்து ச வந்தாலும் அவ்வாறே. தமிழின் எழுத்தியல்பை அறிந்து வகுத்த கருவி அது. இன்று விண்டோசு, மேக் ஆகிய அமைப்புகளிலும் கைப்பேசிகளிலும் கிடைக்கிறது. இரண்டு மூன்று கிழமை கை தடுமாறும். பிறகு உள்ளத்துக்கும் திரைக்கும் இடையே ஆங்கிலம் நில்லாது.

சப்பானியர் இவ்வகையிற் செய்த செயல் ஒன்றைக் குறிப்பிட்டு அமையலாம். அமெரிக்காவில் ஆக்கப்பட்ட ஈமாக்சு ஆங்கில எழுத்தையே அறிந்திருந்தது. சப்பானிய எழுத்துகளோ ஆயிரக்கணக்கானவை. தம் எழுத்து நுழையாத கருவி தமக்கு ஆகாது என்று அவர்கள் தள்ளிவிடவில்லை. எழுத்தைச் சுருக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதவும் முற்படவில்லை. நிரல்வரிகள் திறந்து கிடந்தன; உள்ளே புகுந்தனர். 1987-இல் சப்பானிய ஈமாக்சை வெளியிட்டனர். சுக்குபா நகரின் மின்தொழில்நுட்ப ஆய்வகத்தார் 1990-களின் தொடக்கத்தில் அதனைப் பன்மொழி ஈமாக்சாக விரித்தனர். தம் மொழிக்கு வழி திறந்தவர்கள் பிறர் மொழிகளுக்கும் திறந்துவிட்டனர். 1997-இல் அப்பணி பொது ஈமாக்சோடு இணைந்தது. காலப்போக்கில் இந்தியத் துணைக்கண்டத்து எழுத்துகளும் தமிழும் அதனுட் சேர்ந்தன. இன்று அத்திருத்தியைத் திறந்து, கட்டுப்பாட்டு விசையோடு ஆங்கில எட்டாம் எழுத்தை அழுத்தி, பின்னர் அவ்வெழுத்தையே மீண்டும் ஒருமுறை அழுத்துங்கள். உலக மொழிகள் பலவற்றின் வாழ்த்துச் சொற்கள் வரிவரியாய்த் திரையில் விரியும். அவற்றுள் ஒரு வரியில், தமிழ் என்று பெயரிட்டு, 'வணக்கம்' என்று எழுதப்பட்டிருக்கிறது.